கம்பில் விட்ட இடம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் குழப்பம்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் ஓடும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. நானும் தறியில்தான் வேலை பார்க்கிறேன். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் அதிகம் பேச முடியாது. எனக்கு அது வசதி. வீட்டில் நான், மனைவி, மனைவியின் அக்கா என்று மூன்று பேர் இருந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மனைவியின் அக்காவை நான் மதினி என்பேன். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்காவும் தங்கையும் அடுப்படியில் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஒருத்திக்குத் தலைவலி என்றால் இன்னொருத்தி நெற்றியில் தைலம் தேய்ப்பாள். புறவாசலில் நின்ற கோழிகள் மதினி வளர்த்தவை.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை விடியும்போது மதினி இறந்துபோனார். நெஞ்சுவலி என்று சொல்லி எழுந்து உட்கார்ந்தவர்தான்.

சனிக்கிழமை போகிறவர்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. அதற்காக, பாடையில் உயிரோடு ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவார்கள். ஆளுக்குப் பதில் அது. குஞ்சைக் கொடுத்தது என் மனைவிதான். அழுதுகொண்டே புறவாசலுக்குப் போய், குஞ்சுகளை மூடி வைக்கும் பஞ்சாரக் கூடைக்குள் கையை விட்டு, கண்ணால் பாராமலே ஒன்றைப் பிடித்து வந்தாள். பொரித்து ஒரு வாரம்கூட ஆகாத கருங்குஞ்சு. அதன் காலில் மஞ்சள் நூலைச் சுற்றிப் பாடை மூங்கிலில் கட்டினார்கள்.

சுடுகாட்டில் எல்லாம் முடிந்து திரும்பும்போது மனைவியின் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். அவர்தான் கொள்ளி வைத்தவர், வாசுதேவநல்லூரில் இருக்கிறார்.

“மாப்ள, அந்தக் குஞ்சை அவுத்து இங்கனயே விட்டுட்டு வாரும். விட்ட பெறவு திரும்பிப் பாக்கப்பிடாது, என்ன?”

தலையை ஆட்டினேன். நூலை மூங்கிலிலிருந்து அவிழ்த்துக் குஞ்சைத் தரையில் விட்டேன். பத்து அடி நடந்திருப்பேன். கீச்சுக் கீச்சென்று சத்தம் பின்னாலேயே வந்தது. சாம்பல் மேட்டில் படுத்திருந்த ஒரு நாய் எழுந்து உடம்பை உதறியது எனக்குக் கேட்டது. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். பார்த்ததோடு நிற்கவில்லை. குஞ்சை எடுத்து ஈர வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை.

வீட்டில் பெண்கள் முன்பக்கம் அழுதுகொண்டிருந்தார்கள். நான் புறவாசல் வழியாக வந்து, காலில் இருந்த நூலைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டுக் குஞ்சைப் பஞ்சாரத்துக்குள் விட்டேன். உள்ளே இன்னும் ஐந்து கருங்குஞ்சுகள் இருந்தன. கையை எடுத்ததும் எது நான் கொண்டுவந்தது என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

ஆவணியில் குஞ்சுகள் கோழிகளாகிவிட்டன. பருந்துக்கும் கீரிக்கும் போனது போக எல்லாமாகப் பதினொன்று. அதில் கருப்பு நான்கு. மதினி இருந்தவரை அவை விறகு அடுக்கின் மேலும் முருங்கை மரத்திலும் அடைந்தன. மனைவி ஒழுங்காக ஒரு கூடு வேண்டும் என்றாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கட்டினேன். மேலே தகரம், மூன்று பக்கம் கம்பி வலை, தெற்கே வீட்டுச் சுவர். முட்டையிட மூன்று மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து வைக்கோல் போட்டேன். அடைவதற்கு ஒரு நீளமான வேப்பங்கம்பு.

முதலில் பெட்டிகளையும் கம்பையும் ஒரே உயரத்தில் வைத்துவிட்டேன். கோழிகள் பெட்டிக்குள்ளேயே தூங்கி வைக்கோலை எச்சமாக்கிவிட்டன. கோழி எப்போதும் இருப்பதில் உயரமான இடத்தில்தான் தூங்கும். பெட்டிகளைக் கீழே இறக்கி, கம்பை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிய பிறகு எல்லாம் கம்புக்குப் போயின. கால் வழுக்காமல் இருக்கக் கம்பைச் சீவாமல் பட்டையோடு விட்டிருந்தேன்.

அன்று பொழுது சாயும்போதுதான் அதைக் கண்டேன். கருங்கோழி ஒன்று தெற்குக் கோடியில், சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தது. மற்ற பத்தும் வடக்கே ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு முழம் கம்பு வெறுமையாக இருந்தது. இடம் போதாமல் இரண்டு கோழிகள் கீழே விழுந்து, மறுபடி ஏறி, மற்றவற்றின் முதுகை மிதித்து நின்றனவே தவிர, அந்த ஒரு முழத்துக்கு வரவில்லை.

தறியில் என் பக்கத்தில் வேலை பார்ப்பவரும் கோழி வளர்க்கிறார். டீ குடிக்கும் நேரத்தில் அவரிடம் கேட்டேன்.

“செள்ளுப்பூச்சி இருக்கும் வே,” என்றார். “கம்பு வெடிப்புல ஒளிஞ்சிருந்து ராத்திரி கடிக்கும். வேப்பெண்ணெயைத் தடவும். ஒரு வாரமா கோழியைப் பத்தியே பேசுதீரு, வீட்டுல மதினிகிட்டயாவது நாலு வார்த்தை பேசுதீரா?”

என் மனைவியை அவர் மதினி என்பார். இறந்துபோனவரை நான் கூப்பிட்ட சொல்லும் அதுதான்.

கம்பைக் கழற்றி வெயிலில் வைத்துத் தட்டினேன். ஒரு செள்ளுகூட உதிரவில்லை. பட்டையை எல்லாம் உரித்து, வேப்பெண்ணெய் தடவி, மறுபடி கட்டினேன். ஒரு முழம் அப்படியே இருந்தது. இன்னும் நீளமான கம்பு போட்டேன், கோழிகள் பரவி உட்கார்ந்தன, அந்த இடம் கூடவுமில்லை, குறையவுமில்லை. கிழக்கு மேற்காகத் திருப்பிக் கட்டினேன். கருங்கோழி மேற்குக் கோடிக்குப் போயிற்று. அதன் பக்கத்தில் அதே ஒரு முழம். ஒரு நாள் இருட்டியதும் சாதுவான ஒரு கோழியைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தேன். இருட்டில் கோழி அசையாது, வைத்த இடத்தில் இருக்கும். அது நடுங்கியது. என் கை விலகியதும் மற்றவற்றின் முதுகின் மேல் நடந்து தூரப் போய்விட்டது.

பெட்டிகளிலும் அப்படித்தான். இரண்டில் மாறி மாறி முட்டை கிடக்கும். மூன்றாவது பெட்டியில் எதுவும் இடவில்லை. ஆனால் தினமும் காலையில் அதன் வைக்கோல் நடுவில் அமுங்கிக் குழிந்திருக்கும். இறகு இல்லை, எச்சம் இல்லை. வேலைக்குப் போகும் முன் ஒரு நாள் குழிக்குள் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அந்தப் பக்கம் வெயில் விழாது.

ஐப்பசி மழையோடு மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாள் விடும், மறுபடி வரும். சோறு இறங்கவில்லை. கையில் வளையல் முழங்கைக்கு ஏறிக்கொண்டே போயிற்று. எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது போல இருந்தது. மதினிக்கு அனுப்பிய துணையை நான் மடியில் கட்டித் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். இனி அவர் வேறு யாரைக் கூப்பிடுவார்? அவருக்கு ஒட்டுதல் எல்லாம் தங்கையோடுதான்.

தனியே உட்காரும் அந்தக் கருங்கோழிதான் நான் கொண்டுவந்த குஞ்சாக இருக்கும், அதைச் சுடுகாட்டில் கொண்டு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஒரு சாயங்காலம் துணிப்பையோடு கூட்டுக்குப் போனேன். மனைவி புறவாசல் கதவுக்கு நேரே கட்டிலில் படுத்துக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, பையை எதுக்கு எடுத்தீங்க?”

பையைச் சுருட்டி இடுப்பில் செருகினேன்.

“அந்தக் கருப்பியைப் பாத்தீங்களா? யாரையோ பக்கத்துல உக்கார வச்சிருக்கு,” என்றாள். பயந்தவள் போலச் சொல்லவில்லை. தெருவில் யார் போகிறார்கள் என்று சொல்வது போலச் சொன்னாள்.

 கூட்டு வாசலில் அப்படியே உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், வலையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நாயைச் சொன்னேன். நூலைக் கடித்ததைச் சொன்னேன். அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

“எனக்குப் பதிலாத்தான் அதைக் குடுத்தேன், தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா எடுத்துட்டு வந்தீங்க?”

“பின்னாலயே வந்துச்சு,” என்றேன். 

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

“இன்னொரு தடவ அதை அங்கன கொண்டுபோகாதீங்க. பாவம். அக்கா ஒத்தையில இருக்க மாட்டா, அவ்வளவுதான். சுடுகாட்டுல உக்காந்து கூப்பிடுததுக்கு இங்கனயே வந்து உக்காந்திருக்கா. இடம் இருந்தா இருந்துட்டுப் போறா. தனியா ஒரு கம்பு போட்டுக் குடுங்க. ரெண்டு பேரு உக்காருத மாதிரி.”

மறுநாள் நான் தறிக்குப் போகவில்லை. வேப்பங்கிளை ஒன்றை வெட்டி, தெற்குச் சுவரை ஒட்டி, மற்றக் கம்பைவிட ஒரு சாண் உயரத்தில் கட்டினேன். இரண்டு கோழிக்கு மேல் அதில் இடம் இல்லை. மூன்றாவது பெட்டியை அதன் பக்கமாக நகர்த்தி வைத்தேன். பொழுது சாய்ந்ததும் கருங்கோழி யாரும் விரட்டாமலே நேராக அதில் ஏறி, ஓர் ஓரமாக உட்கார்ந்தது. பெரிய கம்பில் மற்ற பத்தும் இடைவெளி இல்லாமல் நிரவி உட்கார்ந்தன. கூடு கட்டியதிலிருந்து அப்படி அவை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஐந்தாவது நாள் காய்ச்சல் விட்டது. மாத்திரையால் விட்டதா, மழை நின்றதால் விட்டதா, எனக்குச் சொல்லத் தெரியாது. மனைவி இப்போது சாப்பிடுகிறாள், நடக்கிறாள். அவள் அண்ணனிடம் நடந்ததைச் சொல்லிவிடச் சொல்கிறாள். அவரிடமும் இதையே கொடுக்கப் போகிறேன். மச்சான், நீங்கள் கோபப்பட்டால் அது சரிதான்.

இன்று சாயங்காலம் அவளே கூட்டைச் சாத்தப் போனாள். நான் புறவாசல் படியில் இருந்தேன். உள்ளே குனிந்தவள், சின்னக் கம்பைப் பார்த்து, “கொஞ்சம் நகந்து உக்காரு, அவளும் வரணும்லா,” என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. கருங்கோழி அப்போது கூட்டுக்குள் இல்லை. என் காலடியில் நின்று சிந்திக் கிடந்த சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. அவள் வெளியே வந்து அதை எடுத்துப் போய்க் கம்பில் வைத்தாள்.  கை கழுவிவிட்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

கார்த்திகை 5, புதன்கிழமை.