எதிர்க்கடையில் இருந்த எங்கள் பெயர்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த சமயம். தூத்துக்குடியில் துறைமுகம் போகும் சாலையில் எங்கள் கடை. வருகிற கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, இறைச்சி முதல் சோப்பு வரை ஏற்றிவிடுவதுதான் தொழில். ஆர்டரெல்லாம் மெயிலில் வரும். கடைப் பெயரிலேயே வெப்சைட்டும் மெயிலும் வைத்திருந்தோம். வெளிநாட்டுக் கேப்டன்களுக்கு எங்களைத் தெரியும் என்றால், அந்தப் பெயரால்தான்.

எதிர்வாடையில் அதே தொழில் செய்யும் இன்னொரு கடை. அந்த அண்ணாச்சியும் என் வீட்டுக்காரரும் ஒன்றாகப் படித்தவர்கள். எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு இவர் நேரில் போய் அழைக்காமல், கடை ஆளிடம் பத்திரிகையைக் கொடுத்தனுப்பிவிட்டார். அவ்வளவுதான், எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணாச்சியின் பெயரைக்கூட இவர் சொல்ல மாட்டார், ‘எதிர்த்தாப்ல உள்ளவன்’ என்பார். இரண்டு பேரையும் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

அந்த ஐப்பசியில் மெயில் வருவது நின்றது. மழைக்காலம், கப்பல் குறைவு என்று நினைத்துக்கொண்டோம். எப்போதும் எங்களிடம் வாங்கும் ஒரு கப்பலின் ஆர்டர் மட்டும், வழக்கத்துக்கு மாறாக, கப்பல் ஏஜென்ட் ஆபீசிலிருந்து போனில் வந்தது. ஏற்றிவிட்டோம். அதன் பிறகும் ஒரு மெயிலும் வராததால் கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டேன்.

“அக்கா, ஒங்க டொமைனே போயிருச்சு” என்றார் அவர்.

டொமைன் என்றால் இணையத்தில் நம் பெயர், அது நமக்கே சொந்தமில்லையாம். வாடகை வீடு மாதிரி, காலம் முடிவதற்குள் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் கொஞ்ச நாள் பொறுப்பார்கள், அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நினைவூட்டல் எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறது, என் வீட்டுக்காரரின் பழைய மெயிலுக்கு. அந்த மெயில் இருந்த போனைத்தான் கப்பல் ஏணியில் ஏறும்போது இந்த மகராசன் கடலில் போட்டிருந்தார். பாஸ்வேர்டும் அதோடு போயிற்று.

“இப்ப வேற யாரோ எடுத்திருக்காங்கக்கா. யாருன்னு காட்டல.”

“யாரா? எதிர்த்தாப்ல உள்ளவன்தான்!” என்று குடையைக்கூட எடுக்காமல் இறங்கிவிட்டார் இவர். எனக்கு இத்தனை வருடம் சேர்த்த பெயர் போச்சே என்ற கவலை ஒருபக்கம், இவர் கையை நீட்டிவிடுவாரோ என்ற பயம் ஒருபக்கம். பின்னாலேயே ஓடினேன்.

“எங்க கடைப் பேர நீதான எடுத்த?” என்று வாசலில் நின்று கத்தினார்.

அண்ணாச்சி நாற்காலியை விட்டு அசையவில்லை. “ஆமாலே, நான்தான் எடுத்தேன். நனையுதல்லா, உள்ள வா” என்றார்.

கத்த வந்தவர் படியேறி உள்ளே போனார், நானும் பின்னாலேயே போனேன்.

அண்ணாச்சி என்னிடம் சொன்னார். “ஒங்களுக்குப் போடுற மெயில் திரும்பி வருதுன்னு ஏஜென்ட் ஆபீஸ்ல பேசிக்கிட்டாவ. என்னன்னு பாத்தா, பேரு கேப்பாரில்லாமக் கெடக்கு. என் மச்சான் கடைப் பேரு இப்படித்தான் போச்சு, தங்கச்சி. இப்ப அந்த வெப்சைட்டத் தொறந்தா சூதாட்டம் ஓடுது. ஒங்களுக்கும் அப்படி ஆயிரக்கூடாதுன்னு எடுத்து வச்சேன்.”

போனில் வந்த அந்தக் கப்பல் ஆர்டரும் முதலில் எங்கள் பெயருக்கு மெயிலில் வந்து, பெயர் அவரிடம் இருந்ததால் அவர் கையில்தான் கிடைத்திருக்கிறது. கமுக்கமாக அவரே ஏற்றியிருக்கலாம். ஏஜென்ட்டைக் கூப்பிட்டு, எங்களுக்குப் போனில் சொல்லச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?”

“நான் எதுக்குச் சொல்லணும்? இவன் என்னைய நேர்ல வந்து கூப்பிட்டானா? பேரத் தேடியாவது என் கடைப் படி ஏறுவாம்லா, அன்னைக்குக் குடுப்போம்னு இருந்தேன்.”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். பிறகு, “வீட்டுக்கு வாலே” என்றார்.

“பால் எப்பவோ ஆறிப்போயிருக்கும்லே” என்று அண்ணாச்சி சிரித்துவிட்டார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே குடும்பத்தோடு சாப்பிட வந்தார்.

பெயரை எங்களுக்கே மாற்றிக் கொடுத்தார். தொழிலில் இன்றைக்கும் இரண்டு பேரும் எலியும் பூனையும்தான். ஒரு கப்பலைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் பெயரைப் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் இப்போது அண்ணாச்சியின் போனுக்கும் போகிறது. அது என் வீட்டுக்காரரே செய்த ஏற்பாடு. வருடத்துக்கு ஒரு தடவை ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, “ஏலே, பேரு முடியப்போவுது, போய்க் கட்டுலே!” என்று சத்தம் வரும். அதைக் கேட்கும்போதெல்லாம், பேசாமல் இருந்த அந்த எட்டு வருடமும் இந்த மனுஷர் எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார் என்று மனசு நிறைந்துபோகும்.