ஒட்டிப்போன பக்கங்கள்

மாமா எந்தச் சட்டையைத் தொட்டாலும் முதலில் அதன் பையைத் துழாவுவார். கொடியில் காயும் தன் சட்டையானாலும் சரி, அடுத்த வீட்டுச் சட்டை காற்றில் பறந்து எங்கள் வாசலில் விழுந்தாலும் சரி. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் முப்பது வருடம் பழகிய கை அது. பையில் ஊசி கிடந்தால் இயந்திரம் நின்றுவிடும். அதே கூடத்தில் மடிப்பு மேசையில் நான் நிற்கிறேன். அவர் என் அக்காவின் கணவர்; ஒரே வீட்டில் இருக்கிறோம்.

அக்கா இறந்த மறுமாதம், ஒரு நோயாளியின் அங்கிப் பையில் மெல்லிய புத்தகம் ஒன்று அவர் கையில் சிக்கியது. மருந்து கொட்டி நனைந்திருந்தது. தேடி யாரும் வரவில்லை. துணி தேய்க்கும் சூடான உருளைமேல் வைத்துக் காயவைத்தார். முன்பாதி பிரிந்தது. பின்பாதி கட்டையாக ஒட்டிக்கொண்டது.

பிரிந்த பக்கங்களில் புத்தர் சொன்ன இரண்டு உண்மைகள் இருந்தன. மூப்பும் நோயும் சாவும், பிரியமானவரைப் பிரிவதும் துக்கம். அந்தத் துக்கத்துக்கு வேர் வேட்கை. எதுவும் நிலைக்காத இடத்தில் இது என்னுடையது என்று பற்றிக்கொள்கிறோம். அக்கா கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரி விரிப்பைத் தன் கையாலேயே வெளுத்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மீதியை அவரே ஊகித்துக்கொண்டார். யாரிடமும் ஒட்டாமல் இருந்துவிட்டால் போதும்.

அதிலிருந்து கூடத்தில் அவருக்குச் சாமியார் என்று பெயர்.

"சாமியாரே, ஆசையை விட்டாச்சுல்ல? அப்போ உங்க டீ எனக்கு" என்பார் இயந்திரக்காரர்.

"எடுத்துக்கோ."

"அட, நெஜமாவே குடுக்கறாரே! சம்பளத்தையும் கேட்டுப் பாக்கணும் போலிருக்கு."

நாங்கள் சிரிப்போம். வீட்டில் சிரிப்பு இல்லை. அவர் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பரிசு வாங்கி வந்தால் "சரி" என்பார். காய்ச்சலில் படுத்தால் மருந்து கொடுத்துவிட்டு, நெற்றியைத் தொடாமல் அடுத்த அறைக்குப் போய்த் தன் மூச்சைக் கவனித்தபடி உட்காருவார். கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன். முழங்காலை அழுத்திய அழுத்தலில் நகங்கள் வெளுத்திருக்கும்.

இருபத்திரண்டு வயதில் அவள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள். பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. இருந்துடறேன்."

"பிடிச்சு வச்சா ரெண்டு பேருக்கும் வலிம்மா. போ."

"சித்தி, நீங்களாவது சொல்லுங்களேன்."

நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் போய்விட்டாள்.

போன வருடம் நோயாளிக்குத் துணையாக வந்த ஒரு அம்மா அதே புத்தகத்தை வைத்திருந்தார். கேட்கத் துணிய எனக்கு மூன்று நாள் ஆயிற்று. மதிய இடைவேளைக்கு இரவல் கொடுத்தார். பின்பாதியை எழுத்துக் கூட்டி வாசித்தேன். துக்கத்துக்கு முடிவு உண்டு என்பது மூன்றாவது உண்மை. அதற்கு எட்டு அங்கங்கள் கொண்ட வழி இருக்கிறது என்பது நான்காவது. எட்டில் ஒன்று நல்ல பேச்சு. உண்மையானதை, வேளையறிந்து, கனிவோடு சொல்லவேண்டும். விடச் சொன்னது பற்றைத்தான். அன்பையும் இரக்கத்தையும் வளர்க்கவே சொல்லியிருந்தது.

அன்று மாலை மாமாவிடம் சொன்னேன்.

"அன்பை விடச் சொல்லலையா?"

"இல்ல மாமா."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை படிச்சேன்."

ஒட்டிப்போன புத்தகத்தை எடுத்துத் தடவிப் பார்த்தார். பிறகு என் போனை வாங்கி மகளை அழைத்தார்.

"கண்ணு, ஒரு தடவை வந்துட்டுப் போம்மா. உன்னைப் பாக்கணும் போல இருக்கு."

ஸ்பீக்கரில் அவள் குரல் எனக்கும் கேட்டது.

"இதை அன்னிக்கு வாசல்ல சொல்லியிருக்கணும்ப்பா. இப்ப எனக்குக் கோபம்கூட இல்ல. யாரையும் எதிர்பாக்காம இருக்கப் பழகிட்டேன். நீங்க பழக்கினதுதானே. உடம்பைப் பாத்துக்கங்க."

மாமாவுக்கு இப்போது அறுபத்தொரு வயது. ஞாயிறுதோறும் அழைக்கிறார். அவள் எடுக்கிறாள், நன்றாக இருப்பதாகச் சொல்கிறாள், வைத்துவிடுகிறாள். இதுவரை ஒருமுறையும் வரவில்லை.