ஒரு சட்டையில் நாலு பேர்

கயிற்றுக்காரர் என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. இருபதடிக் கயிறு, அதன் ஒரு முனையில் சின்னவள் என்கிற பழுப்பு நாய், மறு முனையில் அவர். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. மரக்கடையில் பலகை சுமந்த காலத்தில், காவலுக்குக் கிடந்த நாய்களோடு பழகிப் பழகித் தானே பிடித்துக்கொண்ட வித்தை. காணாமல் போனவர்களில் முப்பத்தொரு பேரை மீட்டுக் கொடுத்த மனிதர். போலீஸ் ஸ்டேஷனில் அவருக்கு நாற்காலி போடுவார்கள். சும்மா சொல்லவில்லை, போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

மனைவியை ஒளிந்துகொள்ளச் சொல்லித்தான் சின்னவளைப் பழக்கினார். முதலில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பிறகு அடுத்த தெரு, பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம். கைக்குட்டையை மோந்துவிட்டு நாய் தேடிப் போகும். கல்யாணமான நாளிலிருந்து இவரிடமிருந்து ஒளிவதுதான் தனக்கு வேலை என்று அந்த அம்மாள் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. காணாமல் போனவர் துணியை வெறும் கையால் தொடக் கூடாது. இடுக்கியால் எடுத்துக் கண்ணாடி ஜாடிக்குள் போட வேண்டும். தெரியாமல் தொட்டவர்களை வாசலிலேயே நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் காலை அக்காவிடமிருந்து போன் வந்தது. அத்தானைக் காணவில்லை. இரண்டு வருடமாக நினைவு தப்பிப்போன மனுஷன். விடிவதற்குள் செருப்புகூட இல்லாமல் கிளம்பிவிட்டார், மாத்திரையும் போடவில்லை. அன்றைக்கு வெயில் ஒன்பது மணிக்கே மண்டையைப் பிளந்தது.

அந்த அத்தானோடு அவருக்கு நாற்பது வருடமாகச் சரியான பேச்சு இல்லை. அக்கா கல்யாணத்தைப் பதிவு செய்தபோது இவர்தான் சாட்சி. பதிவு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த மாப்பிள்ளை, பேனாவை நகர்த்திவிட்டு மைப்பெட்டியை நீட்டி, இவருக்குக் கைநாட்டு போதும் என்று சபையில் சொல்லிவிட்டார். இவர் பேனாவைப் பிடுங்கி, கட்டம் நிறையத் தன் பெயரை எழுதிவிட்டுத்தான் நகர்ந்தார்.

பழைய கோபமோ புதுப் பதற்றமோ, அன்று ஜாடியும் இடுக்கியும் வீட்டிலேயே நின்றுவிட்டன. அக்கா முகத்தில் வைத்து அழுதுகொண்டிருந்த சட்டையை அவர் கையாலேயே வாங்கினார். சின்னவள் மோந்தாள். நேரே அக்காவிடம் போய் உட்கார்ந்தாள். மறுபடி காட்டினார். அவரிடமே வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் முறை, அக்கா மகன் பைக் நிறுத்தும் இடத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு விழித்தாள். காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், நாய்க்கு ஜலதோஷமா என்று கேட்டார்.

கயிற்றுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தவன் அக்கா மகன். அணைத்து அழுதவள் அக்கா. வாங்கியவர் இவர். ஒரு சட்டையில் நாலு பேர் வாசனை. இதற்கு ஒரே வழிதான் உண்டு: தொட்டவர்கள் எல்லோரும் நாய்க்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். நிற்கிறவர்களைக் கழித்துவிட்டு, நிற்காதவரை அது தேடிப் போகும். ஆனால் மகனோ பைக்கில் அப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

திரும்பி வரச் சொன்னார். அவன் போனிலேயே கொதித்தான்.

"தேடுறவனைப் போய்த் திரும்பி வான்னு கூப்பிடுறீங்களே மாமா. ஆபீஸ் பக்கமெல்லாம் பார்த்துட்டேன். பஸ் ஸ்டாண்டு பாக்கி இருக்கு."

"நீ வராம நாய் நகராதுடா. தப்பு என்மேலதான். கையால வாங்கிட்டேன். வா."

அந்தத் தப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததை அக்கா அதற்கு முன் கேட்டதில்லை. அழுகையை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

மகன் வந்து சேர இருபது நிமிடம். ஒவ்வொரு நிமிடமும் வெயில் ஏறியது. மூவரும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள். சின்னவள் ஒவ்வொருவராக மோந்தாள், சட்டையை மோந்தாள், கேட்டைத் தாண்டிக் கயிற்றை வெட்டி இழுத்தாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் போகவில்லை. அச்சகம், மருந்துக்கடை, ரயில்வே கேட் எல்லாம் கடந்து ஒரு பூட்டிய கட்டடத்தின் பின்பக்கம் போய் நின்றாள். பதிவு ஆபீஸ் பத்து வருடத்துக்கு முன்பு இருந்த கட்டடம். மகன் தேடியது புது ஆபீசை.

படிக்கட்டில் அத்தான் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்து, பாதம் கொப்பளித்து, முதுகு மட்டும் நிமிர்ந்து. மகனும் அக்காவும் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். இவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அத்தான் அதை வாங்காமல், யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"உங்களுக்குக் கையெழுத்தா, கைநாட்டா?"

நாற்பது வருடம் நெஞ்சுக்குள் கிடந்த பதில் ஒன்று தொண்டை வரை வந்தது. இவர் அதை விழுங்கிவிட்டு, படியில் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கைநாட்டுதாங்க."

வலது கையை நீட்டினார். அத்தான் கட்டைவிரலை மெதுவாகப் பிடித்து, இல்லாத மையில் உருட்டி, இல்லாத காகிதத்தில் அழுத்தினார். அழுத்திய பிறகும் விரலை விடவில்லை. இவர் இன்னொரு கையால் பாட்டிலைத் திறந்து அவர் வாயில் வைத்தார். இந்தத் தடவை குடித்தார்.