சீனி குறைத்த நத்தார்க் கஜு

முப்பத்தொரு வருடம் நான் சீனி வருத்தக் கிளினிக்கில் தாதியாக இருந்தேன். கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்களுக்கு நான் இன்றைக்கும் மிஸ்ஸிதான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை, அதோடு ஒட்டிய பயமும் போகவில்லை. சந்தித் தேநீர்க் கடைக்குள் நான் கால் வைத்தால் சீனி பனிஸை மேசைக்குக் கீழே இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பெல்லாம் அதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். இப்போது இல்லை.

நான் கலியாணம் கட்டவில்லை. ஒரே தம்பி அவுஸ்திரேலியாவில் இருக்கிறான். எனக்கென்று இங்கே இருந்தது எதிர்வீட்டுக்காரி ஒருத்திதான். பறங்கிக் குடும்பம், போர்த்துக்கேயர் வழி வந்தவர்கள், தையல் வேலை. தேவாலயத்தில் பிள்ளைகள் முதல் நன்மை வாங்கும்போது போடும் உடுப்பும் கலியாண உடுப்பும் தைப்பாள். இருபது வருடமாகப் பின்னேரம் நான்கு மணித் தேநீர் அவள் வீட்டில், அல்லது என் வீட்டில். அவளுக்கும் சீனி வருத்தம் இருந்தது, என் கிளினிக்குக்குத்தான் வருவாள். அத்தனை வருடப் பழக்கத்திலும் அவள் என்னை மிஸ்ஸி, வாங்க, போங்க என்றுதான் பேசினாள். நான் அவளை வா, போ என்பேன். அதில் ஏதோ பிழை இருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

சென்ற நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, அவள் வீட்டில் ஒரே சனம். நான் ஓய்வு பெற்று அப்போது இரண்டு கிழமைதான். மகளைப் பெண் பேசியிருந்த வீட்டார் முதன்முதலாக வந்திருந்தார்கள். என் சிநேகிதி லவ் கேக்கில் இரண்டாவது துண்டை எடுத்தாள். நான் எழும்பிப்போய்த் தட்டைக் கையிலிருந்து பறித்து, "முந்நூற்றுப் பன்னிரண்டு. போன மாசம் உன்ட சீனி முந்நூற்றுப் பன்னிரண்டு" என்றேன். கிளினிக்கில் பேசிப் பழகிய குரல், கடைசி வாங்குப் பலகையில் இருப்பவருக்கும் கேட்கும். அவள் சிரித்தபடியே குசினிக்குள் போனாள். நான் புறப்படும்வரை வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு நான்கு மணித் தேநீர் இல்லை. ஒழுங்கையில் கண்டால் தலையை அசைப்பாள், அவ்வளவுதான். நானும் போய்க் கேட்கவில்லை. நான் சொன்னது சரியான கணக்கு, அவளுடைய நன்மைக்குத்தான் சொன்னேன் என்று ஒரு வருடமாக எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன். தீர்ப்பைக் கேட்க வீட்டில் வேறு ஆள் இல்லை. பின்னேரம் நான்கு மணிக்குக் கேத்திலில் தண்ணீர் கொதிக்கும், பழக்க தோஷத்தில் இரண்டு கோப்பை எடுப்பேன், ஒன்றைத் திரும்ப வைப்பேன். தனிமை என்ற சொல்லை நோயாளிகள் வாயிலிருந்து நிறையக் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் நடக்கச் சொல்வேன், மரக்கறி நடச் சொல்வேன். எனக்கு நானே அப்படிச் சொல்லிப் பார்த்தேன். உதவவில்லை.

டிசம்பர் பிறந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். அவள் திரும்ப என் வீட்டுக்கு வர வேண்டும். மன்னிப்பு என்ற சொல் எனக்கு வாயில் வராது. ஆனால் நத்தாருக்கு நான் செய்யும் சீனிக் கஜு, அதுதான் சீனி பூசிய முந்திரிப் பருப்பு, என்றால் அவளுக்கு உயிர். அவள் பயமில்லாமல் சாப்பிடக்கூடியதாக அதைச் செய்து கொடுத்துவிட்டால், கேட்க வேண்டியதைக் கேட்டது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

என்னுடைய பழைய சீனிக் கஜுவைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கஜுவை எண்ணெயில் பொரித்து, பாகு காய்ச்சிப் போட்டு, பாகு திரும்பவும் சீனியாக உறையுமட்டும் கிளறி, கறுவாத்தூள் தூவி இறக்குவேன். ஒரு கிலோ கஜுவுக்கு முக்கால் கிலோ சீனி. கிளினிக்கில் வாய் கிழியக் கத்திவிட்டு, வீட்டுக்கு வந்து இதைச் செய்து ஒழுங்கை முழுக்கக் கொடுத்தவள் நான்தான். ஒருவரும் அதை என்னிடம் திருப்பிக் கேட்டதில்லை. கேட்க விட்டால்தானே.

முதல் தடவை கித்துள் கருப்பட்டியில் செய்தேன். சீனிதான் கூடாது, கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்று கிளினிக்குக்கு வருகிற எல்லாருமே சொல்வார்கள். இரத்தத்துக்குள் போனால் அதுவும் சீனிதான். அதனால் மணத்துக்கும் ருசிக்கும் மட்டும் என்று அரைக் கிலோ பருப்புக்கு இரண்டு மேசைக்கரண்டிதான் போட்டேன். அந்த அளவில் எங்கே பாகு வரும்? கருப்பட்டி தாச்சியில் பிடித்துக் கருகியது, கஜு மொட்டையாகக் கிடந்தது. அடுத்த நாள் மருந்துக் கடையில் விற்கும் இனிப்புக் குளிசைகளை இடித்துப் போட்டேன். நாக்கில் இனித்துத் தொண்டையில் கசந்தது. மதிலில் வைத்தேன். காகம் ஒன்றைக் கொத்திவிட்டு, திரும்ப வைத்துவிட்டுப் போனது.

பிறகுதான் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. லவ் கேக்குக்கு முட்டை அடிக்கும்போது ஒருமுறை, வெள்ளைக்கருவை நுரைக்க அடித்தால் அது எதையும் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தாள். அப்போது காது கொடுக்காமல் ஏதோ புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு முட்டையின் வெள்ளையை நுரை வரும்வரை அடித்து, பாதி கஜு, பாதி உடைத்த கச்சான் கடலை, துருவிய கருப்பட்டி இரண்டு கரண்டி, வறுத்துப் பொடித்த கறுவா, கராம்பு இரண்டு, மிளகு, கொஞ்சம் செத்தல் மிளகாய்த்தூள், உப்பு, தோடம்பழத் தோலைத் துருவி ஒரு சிட்டிகை சேர்த்தேன். எல்லாவற்றையும் பிரட்டி, ஒயில் பேப்பரில் ஒன்றோடொன்று படாமல் பரப்பி, ஓவனில் மெல்லிய சூட்டில் வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து கிளறினேன். எண்ணெய் ஒரு துளி இல்லை. சூட்டோடு எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறத்தான் முறுகும்.

முறுகியது. ஒவ்வொரு பருப்பிலும் மெல்லிய கபிலத் தோல் போல மசாலா ஒட்டியிருந்தது. கறுவாவும் மிளகும் முன்னால் வந்தன, இனிப்பு பின்னால் கொஞ்சமாக வந்தது. நான் சமையலறையில் நின்றபடியே நாலைந்தைத் தின்றேன். நல்லாயிருக்கிறது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒரு பண்டம் சரியா என்று தெரிய இன்னொரு வாய் வேண்டும். தம்பிக்கு வீடியோவில் தட்டைக் காட்டினேன். நல்லாயிருக்கு அக்கா என்றான், படத்தில் எப்படித்தான் ருசி தெரிந்ததோ. பிறகு அவன் முகம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. மாரி மழைக்கு இங்கே சிக்னல் அப்படித்தான்.

மழை இன்னொரு வேலையும் பார்த்தது. விடிந்து பார்த்தால் பருப்பெல்லாம் ஈரம் வாங்கிப் பிசுபிசுத்துக் கிடந்தது. கண்ணீரே வந்துவிட்டது, அறுபத்திரண்டு வயதுக் கிழவிக்கு. திரும்ப ஓவனில் வைத்து முறுக்கி, ஆறினதும் பிஸ்கட் டின்னில் போட்டு இறுக்கி மூடினேன். அவளுடைய தட்டில் வைக்க ஒரு துண்டுக் கடதாசியில் "ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம்" என்று எழுதினேன். எழுதியதை வாசித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன்.

நத்தார் அன்று காலை ஆராதனை முடிந்து வந்து, தட்டுகளில் கஜுவைப் போட்டுப் பின்னல் துணியால் மூடிக்கொண்டு, குடையோடு ஒழுங்கையில் இறங்கினேன். மற்ற வீடுகளில் பிள்ளைகள்தான் தட்டுக் கொண்டு திரிவார்கள். என் வீட்டில் நான்தான் பிள்ளையும்.

எங்கள் பக்கத்தில் பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். உள்ளே கொண்டுபோய்ப் பலகாரத்தைக் கொட்டிவிட்டு, ஒரு கரண்டி சீனி போட்டுக் கையோடு தருவார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், எங்கள் ஆட்கள் என்று ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் இது ஒரே வழக்கம். ஆனால் மிஸ்ஸியின் தட்டில் சீனி போட யாருக்குத் துணிவு வரும்? வாசலில் நான் நிற்க, உள்ளே குசுகுசுப்பது கேட்டது. முதல் வீட்டில் இரண்டு தேசிக்காய் வந்தது. அடுத்த வீட்டில் ஒரு பிடி அரிசி. மூன்றாவது வீட்டில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை வந்தது, அதைக் கொடுத்த மனுசி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், சரியான விடைதானா என்பது போல. எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்து நாலடி நடந்ததும் சிரிப்புப் போய்விட்டது. முப்பத்தொரு வருடத்தில் நான் சேர்த்து வைத்தது இதுதானா?

எதிர்வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கதவைத் திறந்தது அவளுடைய புருஷன். தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தையல் மெஷின் ஓடிய சத்தம் நின்றது. அவர் தட்டோடு திரும்பி வந்தபோது கண்ணை நிலத்தில் வைத்திருந்தார். தட்டு நிறைய, கோபுரமாகக் குவித்து வெள்ளைச் சீனி.

வீட்டுக்கு வந்து அந்தச் சீனியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபம் தலைக்கேறியது. இரண்டு கிழமை பாடுபட்டதற்கு இதுதான் பதில். மத்தியானம் தாண்டியும் பொறுக்க முடியவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குள்ளேயே போனேன்.

மெஷின் முன்னால் இருந்தாள். ஒரு காலைச் சின்ன முக்காலியில் தூக்கி வைத்து, பழைய துணியால் சுற்றியிருந்தாள். நான் வாய் திறக்கமுன்னமே எனக்கு மணம் வந்துவிட்டது. அந்த மணத்தை நான் எங்கேயும் கண்டுபிடிப்பேன். ஆறாத புண்ணின் மணம். காலைக் காட்டு என்றேன், பழைய குரலில். அவள் காலைக் கவுணுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால என்ட நம்பரச் சொன்னீங்க மிஸ்ஸி. அதுக்குப் பிறகு நான் கிளினிக்குக்குப் போகல்ல. இன்னொருக்கா ஆரும் அதச் சொல்லிக் கேக்க எனக்கு ஏலா."

ஒரு வருடம். மருந்து இல்லை, சோதனை இல்லை. கிளினிக்கில் வராதவர்களின் பெயருக்கு எதிரே சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுப்போம். எத்தனையோ கோடு இழுத்திருக்கிறேன். பொறுப்பில்லாத சனம் என்று திட்டிக்கொண்டே இழுத்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் என் வாய்க்குப் பயந்து வராமல் நின்றார்களோ, யாருக்குத் தெரியும்? கையிலிருந்த தட்டுச் சரிந்து சீனி நிலத்தில் கொட்டியது. நான் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பிழை என்னிலதான் கா" என்றேன். சொல்ல முடிந்தது. ஒரு வருடமாகச் சொல்ல முடியாமல் இருந்தது இவ்வளவுதான்.

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அழவும் இல்லை. புருஷன் வந்து சீனியைக் கூட்டி அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கிளினிக்குக்குப் போவோம் என்றேன். வருகிறேன் என்றாள், ஆனால் ஒரு நிபந்தனை.

"நீங்க உள்ளுக்க வரக் கூடா. வெளியில நில்லுங்க."

நத்தார் விடுமுறை முடிந்து வந்த முதல் கிளினிக் நாளில் ஆட்டோவில் போனோம். பாலத்தில் ஏறும்போது மழை வாவியை மூடியிருந்தது, இருவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு போனோம். வாசலில் இறங்கினதும் அவள் கெந்திக் கெந்தித் தனியாக உள்ளே போனாள். நான் வேலிக்கரை வேம்பின் கீழே நின்றேன். அந்தக் கட்டடத்துக்கு வெளியே நான் அவ்வளவு நேரம் ஒருநாளும் நின்றதில்லை. நான் வேலை பழக்கிய பிள்ளை ஒருத்தி கண்டுவிட்டு ஓடிவந்து உள்ளே கூப்பிட்டாள். வேறொரு ஆளோடு வந்திருக்கிறேன், இங்கேயே நிற்கிறேன் என்றேன். உள்ளே யாரோ ஒரு நோயாளிக்கு ஏச்சு விழுந்துகொண்டிருந்தது. சொற்கள் எல்லாம் என்னுடையவை, குரல் மட்டும் இளசு.

இரண்டு மணித்தியாலம் கழித்து அவள் வந்தாள். காலில் புதிய வெள்ளைக் கட்டு. கையில் கிளினிக் கொப்பி, விரல் ஒன்று இன்னும் உள்ளே, இன்றைய பக்கத்தில். மழைக்கு ஒதுங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். சீனி எவ்வளவு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. அவள் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தாள்.