மூடிக்குள் கட்டிய வெள்ளை நூல்

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன் என்று யார் சொன்னாலும் ராசப்பன் நம்பமாட்டார். தானே அணைத்திருந்தாலும் நம்பமாட்டார். டெஸ்ட் லாம்பை எடுத்து ஒயரில் வைத்துப் பார்ப்பார். எரியாது. உடனே, இந்த லாம்பே போயிருந்தால் என்ன செய்வது என்று, கரண்டு இருக்கிற வேறொரு பிளக்கில் செருகி எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு திரும்பி வந்து மறுபடியும் ஒயரில் வைப்பார். காதர்பேட்டைப் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அவர் வயரிங் செய்த ஷெட் ஒன்றுகூட அதுவரை தீப்பிடித்ததில்லை.

தொழிலை அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. வெள்ளகோவிலிலிருந்து வந்த புதிதில், எரிந்துபோன போர்டுகளை வாங்கிவந்து பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பஞ்சு பறக்கிற ஊரில் முதல் எதிரி சூடுதான் என்பது அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது. அதை அளக்கத் தனக்கென்று ஒரு வழியும் வைத்திருந்தார். வெளுத்த பனியன் நூலில் நாலு விரல் நீளம் வெட்டி, பல்பைச் சுற்றி மரமோ துணியோ இருக்கிற இடத்தில் கட்டிவிடுவார். மூன்று மணி நேரம் விளக்கு எரிந்த பிறகு நூல் வெள்ளையாக இருந்தால் சரி. பழுப்பேறியிருந்தால் பல்பைத் தள்ளி வைப்பார்.

1969இல், பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பன் மெட்ராசிலிருந்து ஒரு மீன் தொட்டி வாங்கிவந்தார். நாலடிக் கண்ணாடித் தொட்டி. அதை வீட்டு முன்னறையில் வைத்தார். வீட்டுக்குப் பின்னால்தான் ஷெட். தொட்டிக்குத் தேக்கில் ஒரு பெட்டி மூடி செய்தவர் ஆசாரி கந்தப்பன். மூடிக்குள் இரண்டு அறுபது வாட் பல்பு மாட்டியவர் ராசப்பன். பல்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தகடு, பீங்கான் ஹோல்டர், சூடு வெளியேற மூடியின் மேல்பலகையில் பன்னிரண்டு துளை. நூலும் கட்டிப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது.

ஒரு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை ராத்திரி முதலாளி ஆள் அனுப்பினார்.

"இங்க வா ராசப்பா. மோந்து பாரு" என்று மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்ளே மேல்பலகையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது.

"கருகியிருக்குதுங்க."

"அது எனக்கே தெரியுது. நாலு மீனு மல்லாந்து கெடக்குது. கல்கத்தா வேவாரி சாயங்காலமா வந்து எனக்காவ இங்க காத்துட்டு உக்காந்திருக்கறான், அவன் மூஞ்சிக்கு முன்னால பொகை. உங்க ஷெட்டுக்கும் இதே வயர்மேன்தானான்னு கேட்டுப்போட்டான். நான் என்னத்தைச் சொல்ல?"

ராசப்பன் கருகிய இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள காரணத்தைச் சொல்லு. இல்லீனா ஷெட்டுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். ஏன் மாத்துனேன்னு நாலு பேரு கேப்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன்."

ராசப்பனிடம் இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான். அது போனால் காதர்பேட்டையில் ஒரு ஃபியூஸ் கட்டை போடக்கூட யாரும் கூப்பிடமாட்டார்கள்.

மறுநாள் காலை ஒயரை அடிமுதல் நுனிவரை உருவிப் பார்த்தார். எங்கும் வெடிப்பில்லை. ஹோல்டர் சுத்தமாக இருந்தது. பல்பு அதே அறுபதுதான். அடுத்த சந்தேகம் கந்தப்பன்மேல் விழுந்தது. பட்டறைக்குப் போய் நேராகவே கேட்டார்.

"தேக்குன்னு சொல்லிப்போட்டு வேற எதையாச்சும் வெச்சு அடிச்சுட்டயா?"

கந்தப்பன் இழைப்புளியைக் கீழே வைத்தார். "ஏன் மாப்ளே, ஊட்டுல உன்ற பொண்டாட்டி சோறு போட்டாக்கூட டெஸ்ட் லாம்பு வெச்சுப் பாத்துட்டுத்தான் திம்பயாமா? அதே பலகைல மிச்சம் அந்தா கெடக்குது. எடுத்துச் செதுக்கி மோந்து பாத்துக்க."

ராசப்பன் வெட்கப்படாமல் செதுக்கி மோந்து பார்த்தார். தேக்குதான்.

திரும்பி வந்து, மூடிக்குள் நாலு இடத்தில் புது நூல் கட்டினார். மூன்று மணி நேரம் எரியவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நூல் வெள்ளை. தண்ணீரும் வெதுவெதுப்போடு நின்றது. முதலாளி வீட்டம்மாள் தெய்வாத்தாளிடம், "எப்பவும் போல அஞ்சு மணிக்குப் போட்டு ஒம்பது மணிக்கு அணைச்சுருங்க்கா" என்று சொன்னார். பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்தார். போகுமுன், பல்பிலிருந்து ஹோல்டருக்குக் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டார். யாராவது பல்பைக் கழற்றி மாட்டினால் கோடு கோணிக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை காலை வந்து மூடியைத் திறந்தார். கோடு நேராக இருந்தது. துளைகளுக்கு அடியில் கட்டியிருந்த இரண்டு நூலும் டீ நிறத்துக்கு மாறியிருந்தன.

நூலைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். நான் இருந்தால் ஆறுகிறது, நான் போனால் காய்கிறது. அப்படியானால் இது யாரோ செய்கிற வேலை. ஷெட் வயரிங்கைப் பிடிக்க நினைக்கிறவன் எவனாவது இருக்கலாம். முதலாளியே, ஆளை மாற்ற ஒரு சாக்கு வேண்டுமென்று செய்கிறாரோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. நூலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். முதலாளி காதர்பேட்டைக்குப் போயிருந்தார். எட்டு மணிக்கு முன்னால் திரும்பமாட்டார். ஷெட் போர்டில் ஃபியூஸ் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு, நடைக்கதவு வழியாக முன்னறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு மெஷின்கள் நின்றன. ஆட்கள் விளக்குமாறு எடுத்து மெஷினில் படிந்திருந்த பஞ்சைத் தட்டத் தொடங்கினார்கள். அது கிளம்பி, நடைவழியே வீட்டுக்குள் புகுந்தது. தெய்வாத்தாள் உள்ளேயிருந்து வந்தாள். கையில் நாலாக மடித்த பனியன் துணி. சோற்றுப் பானையை மூடினாள். தண்ணீர்க் குடத்தை மூடினாள். ரேடியோவை மூடினாள். பிறகு எரிந்துகொண்டிருந்த மீன் தொட்டி மூடியின்மேல் பெரிய துணியை விரித்து, பன்னிரண்டு துளையும் மறைய நான்கு மூலையிலும் இழுத்துச் செருகினாள்.

ராசப்பன் உள்ளே ஓடினார். "அக்கா! என்னங்க்கா பண்றீங்க?"

"ஏனப்பா, இப்பிடிக் கத்தற? பஞ்சு தட்டறாங்கல்ல. ஓட்டை வழியாப் போயி தண்ணியில உழுந்தா மீனு அதைத் தின்னுபோடாது?"

"தெனமும் மூடறீங்களா?"

"மீனு வந்த நாள்லயிருந்து. எட்டு மணிக்கு இவுங்க வாரதுக்குள்ள எடுத்துருவேன். அன்னைக்கு வேவாரி வந்தாங்க, முன்னறைல துணி கெடந்தா அசிங்கமாருக்கும்னு சட்டுனு எடுத்தேன். எடுத்ததும் பொகை."

"என்றகிட்டக் கேட்டிருக்கலாமுங்க்கா."

"உன்னையக் கேக்கறதா? நீ எழுதி வெச்சதைத்தான செய்யறேன். இதுவும் கரண்டுப் பெட்டிதான? நானும் அந்த ஷெட்டுல நாலு வருசம் செக்கிங் மேசைல நின்னவதான்."

அவள் கை காட்டிய இடத்தில், நடைக்கதவு வழியாகத் தெரிந்த ஷெட் சுவரில், ராசப்பனே தன் கையால் எழுதிய எழுத்து இருந்தது: 'பஞ்சு தட்டும்போது கரண்டுப் பெட்டியைத் துணியால் மூடவும்.' சுவிட்சுப் பெட்டிக்குள் பஞ்சு போகாமலிருக்க எழுதியது. சுவிட்சுப் பெட்டி சுடாது. உள்ளே விளக்கு எரிகிற பெட்டி சுடும். அந்த வித்தியாசத்தை அவர் எழுதவில்லை. ஊரையே சந்தேகப்பட்டவர் அந்தச் சுவரை மட்டும் விட்டிருந்தார்.

துணியை எடுத்தார். அடியில் தொட முடியாத சூடு.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் போனபோது இன்னொரு பயம் வந்தது. நடந்ததைச் சொன்னால் அந்தம்மாள்மேல் பழி போட்ட மாதிரி ஆகும். ஆகவே துணியில் ஆரம்பிக்காமல் சுவரில் ஆரம்பித்தார்.

"தப்பு நான் எழுதுனதுல இருக்குதுங்க. அவுங்க எழுதுனபடிதான் செஞ்சாங்க."

சென்னியப்பன் கண்ணைச் சுருக்கினார். "நான் கேக்கறதுக்கு முன்னாலயே ஒத்துக்கற. இதுல வேற என்னமோ இருக்குது."

"இருந்தாச் சொல்லியிருப்பனுங்க."

"செரி, மறுக்கா மாட்டு. நூலு கட்டு. ஆனா உன்ற நூலு வேண்டாம்" என்று சொல்லி, ஷெட்டுக்குள் போய், நூல் சுற்றிய தன் கோனிலிருந்து தானே நூல் வெட்டிக்கொண்டு வந்தார்.

இந்த முறை ராசப்பன் ஆட்களை நம்பி எதையும் விடவில்லை. கந்தப்பனிடம் சொல்லி, துளைகளுக்கு மேலே நாலு கால் வைத்த ஒரு தகரக் கூரையை இரண்டு அங்குல உயரத்தில் பொருத்தினார். கூரை இரண்டு பக்கமும் வழுக்கலான சரிவு. துணி போட்டால் நழுவிக் கீழே விழும், நின்றாலும் துளைகளில் படியாது. பஞ்சு நேராக விழவும் வழியில்லை. பக்கவாட்டில் கொசு வலை மாதிரிக் கம்பி வலை. தகரத்துக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர். பல்பு அறுபதிலிருந்து நாற்பது. பிளக்குக்குப் போகிற ஒயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினார். தண்ணீர் வழிந்தாலும் தொங்கலில் சொட்டிவிடும். தொட்டியில் கைவிடுமுன் பிளக்கையே பிடுங்க வேண்டும் என்று தெய்வாத்தாளிடம் மூன்று தடவை சொல்லி, மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"நாலாந் தடவையும் சொல்லட்டா சாமி?" என்றாள் அவள்.

மூன்று நாள் கழித்து முதலாளி மூடியைத் திறந்தார். நூலை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் சுரண்டினார். கோனிலிருந்து புது நூல் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே வெள்ளை.

"தை மாசம் இன்னொரு ஷெட்டுப் போடறேன். வயரிங் நீதான்" என்றார். பிறகு, "அந்தச் செவுத்தை மொதல்ல அழி" என்றார்.

ராசப்பன் அழிக்கவில்லை. அதன் கீழே இன்னொரு வரி எழுதினார்: 'விளக்கு உள்ள பெட்டியை, அணைத்து ஆறிய பிறகே மூடவும்.' எழுதி முடித்து இறங்கியவர், செக்கிங் மேசையில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டு, அதைப் படித்து என்ன புரிகிறது என்று சொல்லச் சொன்னார். அவள் சரியாகத்தான் சொன்னாள். இன்னொருத்தியையும் கூப்பிட்டார்.