துவக்கில்லாத விருந்தாளி

டெக்சஸிலிருந்து பலேர்மோ நகரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்த என் மனைவியின் உறவினர், கதைக்கும்போதெல்லாம் வெறும் இடுப்பைத் தடவிக்கொள்வார். அங்கே அந்த இடத்தில் கைத்துப்பாக்கி, எங்கள் பேச்சில் துவக்கு, செருகியிருப்பாராம்.

"எங்கடை மாநிலத்திலை துவக்கை மறைச்சுக் கொண்டுதிரிய பெர்மிட் தேவையில்லை. சட்டமே விடுது," என்றார் பெருமையாக.

"துவக்குக்குப் பயந்துதானே அண்ணை நாங்கள் சண்டைக்காலத்திலை ஊரை விட்டனாங்கள்?" என்று கேட்டேன்.

"அது வேறை," என்றார்.

மறுநாள் பட்டப்பகலில் கால்சா கடற்கரையைப் பார்க்க ஆசைப்பட்டார். தனியே போகப் பயம். வேலைக்குப் புறப்பட்ட என் மனைவியிடம், "துணைக்கு வாறியே பிள்ளை?" என்றார். அவள் தினமும் தனியே நடக்கும் தெருதான் அது. தான் வேலைசெய்யும் வீட்டுச் சிக்னோராவிடம் லீவு கேட்டுவிட்டு அவரைக் கூட்டிப்போனாள். பால்கனியிலிருந்து பார்த்தேன், அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டே நடந்தார்.

இப்படி நடுங்குகிறவரைத் துவக்கோடு திரிய விடும் ஊரில் அவருடைய அயலவர்கள் எப்படி நிம்மதியாக இருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.