நாற்பது நிமிஷக்காரர்

என் அக்கா புருஷனை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நாற்பது நிமிஷக்காரர் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். எங்கள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் தொடங்கி, பால் சேகரிக்கும் கொட்டகையைத் தாண்டி, ஓடைக்கரையோடு போய், ஆடு மேய்கிற சரிவில் ஏறி, மரப்பாலத்தைச் சுற்றித் திரும்பி வருகிற பாதை ஒன்று உண்டு. அதன் தொடக்கத்தில் ஒரு பலகை: ‘ஒன்றாம் பாதை. எளிது. நாற்பது நிமிடம்.’ எழுதியது அவர் கை. அளந்தது அவர் கால்.

அத்தான் முதலில் சாலை போடுகிற கூலியாளாக இருந்தவர். நகரத்து ஆட்கள் லீவு நாட்களில் மலையில் நடப்பதற்கென்றே வரத் தொடங்கியபோது, பாதைகளைப் பார்த்துக்கொள்ள ஊர் அலுவலகம் ஓர் ஆள் தேடியது. நடக்கிறதெல்லாம் ஒரு வேலையா என்று மற்றவர்கள் சிரித்தார்கள். இவர் போய் நின்றார். இருபத்திரண்டு வருஷமாகப் பதினொரு பாதைகளுக்கும் அவர்தான் எல்லாம். முள் வெட்டுவார், மழை அரித்த இடத்தில் கல் அடுக்குவார், தகரத்தில் வெட்டிய அம்புக்குறியைப் பாறையில் வைத்து மஞ்சள் பெயிண்ட் அடிப்பார். அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைவிடப் பெயிண்ட் டப்பாக்கள்தான் அதிகம். சாப்பாட்டிலேயே டர்பன்டைன் வாசம் வருகிறது என்று அக்கா புலம்புவாள்.

ஒவ்வொரு வருஷமும் மழை முடிந்ததும் பாதைகளை மறுபடி அளப்பார். அதற்கென்று தனியாகச் சாவி கொடுக்கிற பழைய கைக்கடிகாரம் ஒன்று வைத்திருந்தார். புறப்படும்போது இரண்டு முள்ளையும் பன்னிரண்டில் வைப்பார். வழியில் முள் வெட்ட நின்றாலும், யாராவது பேச்சுக் கொடுத்தாலும், ஷூ கயிறு கட்டக் குனிந்தாலும் கடிகாரத்தின் பக்கத்திலுள்ள சாவித் திருகை வெளியே இழுத்துக் கடிகாரத்தை நிறுத்திவிடுவார். மறுபடி காலெடுத்து வைக்கும்போதுதான் உள்ளே தள்ளுவார். “நின்னது நடையில சேராது” என்பது அவர் சட்டம். ஒன்றாம் பாதை வருஷா வருஷம் நாற்பதில் வந்து நிற்கும். சரியான மணியை ஒரு நாளும் காட்டாத அந்தக் கடிகாரத்தைத்தான் மனுஷன் உலகத்திலேயே அதிகமாக நம்பினார்.

நான் பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்காருகிறவள். பாதைகளின் படம் போட்ட தாளை மடித்துக் கொடுப்பதும் என் வேலைதான். ஒன்றாம் பாதைக்குப் போனவர்கள் ஒன்றே கால் மணி நேரம் கழித்து, முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்க வந்து என் ஜன்னலில் கையை ஊன்றுவார்கள். “நாப்பது நிமிஷம்னு போட்டிருக்கே! யாரு கணக்குங்க இது?” என்பார்கள். நான் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, நகரத்துக் கால், அவ்வளவுதான் என்று சிரித்துக்கொள்வேன். அத்தானிடம் சொன்னால் அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு உண்டு. மறைத்து என்ன ஆகப்போகிறது?

அக்கா ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் முப்பது வருஷம் படுக்கை விரிப்புகளை மடித்தவள். போன வருஷம் ஒரு நாள் மடித்து வைத்த விரிப்புகளின் மேலேயே சாய்ந்துவிட்டாள். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் மாதம் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: “தினமும் நடக்கணும். எளிதான பாதையா பார்த்து மெதுவா நடங்க. நடந்தாத்தான் இதயம் தேறும். பயந்து படுத்துட்டீங்கன்னா நான் செஞ்சதெல்லாம் வீண்.” எளிதான பாதையை நாங்கள் எங்கே போய்த் தேட வேண்டும்? பலகை எழுதியவரே வீட்டில் இருக்கிறார்.

ஆனால் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்ததே கிடையாது. கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அத்தான் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல முன்னே போய்விடுவார். “உங்க அத்தான் முகத்தைவிட முதுகுதாண்டி எனக்கு நல்லாத் தெரியும்” என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். இந்தத் தடவையும் அவர் ஏழாம் பாதையில் கல் அடுக்கப் போயிருந்த நாளில் தனியாகத்தான் கிளம்பிப் போயிருக்கிறாள்.

பத்து நாள் கழித்து நான் பார்க்கப் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். புதிதாக வாங்கிய ஷூ பெட்டிக்குள் திரும்பிப் போயிருந்தது.

“என்னக்கா, நடக்கப் போகலையா?”

“போனேன். ஒரே ஒரு நாள்.”

“அப்புறம்?”

“என் கதை முடிஞ்சுதுடி.”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். நாற்பது நிமிஷம் ஆனபோது அவள் பாலத்தைக்கூடப் பார்க்கவில்லை. சரிவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “எளிதுன்னு இருபத்திரண்டு வருஷமா எழுதியிருக்கு. குழந்தைங்கல்லாம் நடக்குற பாதை. அதுல பாதிகூட என்னால முடியலைன்னா என்ன அர்த்தம்? ஆபரேஷன் பலிக்கலடி. டாக்டர் என் மனசு நோகக் கூடாதுன்னு மறைக்கிறார். உங்க அத்தான்கிட்ட சொல்லிடாத. பாவம், தாங்க மாட்டார்.”

என் ஜன்னலில் கையை ஊன்றிய அத்தனை சிவந்த முகங்களும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. அக்கா சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன மரமா? நேரே கொல்லைப்புறம் போனேன். அத்தான் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தார்.

“அத்தான், ஒன்னாம் பாதையில நீங்க எத்தனை தடவை நிப்பீங்க?”

“நான் எதுக்கு நிக்கணும்?”

“கடிகாரத்தை எத்தனை தடவை இழுப்பீங்க?”

“அது வேலைக்கு. பத்து, பன்னெண்டு இருக்கும்.”

“அப்ப அத்தனை தடவையும் நீங்களும்தான் மூச்சு வாங்கியிருக்கீங்க. முள்ளு வெட்டுறேன்னு பேரு.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் என்ன நேத்தா நடக்க ஆரம்பிச்சேன்? என் பலகை பொய் சொல்லாது.”

“உங்க பலகையை நம்பித்தான் அக்கா உள்ள சாகப் போறேன்னு படுத்திருக்கா” என்றேன். சொல்லக் கூடாதென்று கேட்டுக்கொண்டதை அப்படியே போட்டு உடைத்துவிட்டேன். பிரஷ்ஷிலிருந்து மஞ்சள் பெயிண்ட் அவர் ஷூ மேல் சொட்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை மூன்று பேரும் கிளம்பினோம். அக்கா வர மாட்டேன் என்று அடம் பிடித்தாள். அத்தான் பெட்டியிலிருந்து ஷூவை எடுத்து அவரே மாட்டிவிட்டார். அக்காவுக்குப் பின்னால்தான் அவர் வர வேண்டும், திருகைத் தொடக் கூடாது, இரண்டும் நான் போட்ட நிபந்தனை. பால் கொட்டகைச் சுவரில் அக்கா சாய்ந்ததும் அவர் கட்டைவிரல் தானாகக் கடிகாரத்துக்குப் போனது. அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி போட்டேன்.

“கையை எடுங்க அத்தான். ஓடட்டும்.”

சரிவில் நாலாவது தடவை நின்றபோது அக்கா பழக்கதோஷத்தில், “நீங்க முன்னாடி போங்க, நான் வந்துக்கறேன்” என்றாள். “போகல” என்று சொல்லி அவர் புல்லில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கீழே பார்த்துவிட்டு, “அட, இங்கேர்ந்து நம்ம சமையலறை ஜன்னல் தெரியுது!” என்றார். இருபத்திரண்டு வருஷம் அந்த வழியில் போனவர் சொன்ன பேச்சு அது. அக்கா சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மொத்தம் ஏழு தடவை நின்றோம். பலகைக்குத் திரும்பி வந்தபோது, பன்னிரண்டில் வைத்துக் கிளம்பிய கடிகாரத்தில் மணி ஒன்று முப்பத்தெட்டு. அக்கா அவர் கையைப் பிடித்து அதை வெகுநேரம் பார்த்தாள்.

“இது நாப்பது நிமிஷத்துல முடியுற பாதையே இல்லையா? அப்ப என் நெஞ்சு கெட்டுப் போகலையா?”

“உன் நெஞ்சுக்கு ஒன்னும் இல்லம்மா. கெட்டது என் கடிகாரம்” என்றவர் பலகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நானும் சேர்ந்து அழுதேன்.

அந்த வாரமே அக்கா நின்ற ஏழு இடத்திலும் கல் மேல் மரப்பலகை போட்டார். பெயர்ப்பலகையை மாற்றி எழுதினார்: ‘ஒன்றாம் பாதை. எளிது. உட்கார ஏழு இடம் உண்டு. நின்று போனால் ஒன்றரை மணி நேரம்.’ இவ்வளவு நேரம் போட்டால் யார் வருவார்கள் என்று அலுவலக மேலாளர் குதித்தார். “நீங்க ஒரு தடவை நடந்து பாருங்க சார். நான் பின்னாடி வர்றேன்” என்றார் அத்தான். மேலாளர் நாலாவது பலகை வரை போனார். அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அக்கா இப்போது தினமும் நடக்கிறாள். டாக்டருக்குத் திருப்தி. நடுவில் இரண்டு இடத்தில் நின்றால் போதும் அவளுக்கு. ஆனாலும் போட்ட பலகை வீணாகக் கூடாது என்று ஏழிலும் உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறாள். அத்தானும் பக்கத்தில் உட்காருகிறார்.

போன வாரம் அவர் என் ஜன்னலோரம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது வெளியூர்க்காரர் ஒருவர் வேகமாக வந்தார். “ஒன்னாம் பாதைக்கு எவ்வளவு நேரம் ஆகும்ங்க?”

கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிற ஆள் அத்தான். பழைய நாற்பது வந்துவிடுமோ என்று அவர் வாயையே பார்த்தேன். அவர் அந்த மனிதரைத் தாண்டி, பஸ் நிலைய வாசலைப் பார்த்தார். அங்கே ஓர் அம்மா இரண்டு பைகளோடு மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

“கூட யாரு வர்றாங்க?” என்று கேட்டார் அத்தான்.